தம்பி கொண்டுவரும் லேப்டாப்: பிளக் பின் பொருந்தினால் போதுமா?

கடிதத்தின் சுருக்கம்

திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து எழுதியிருக்கிறார் ஒரு வாசகி. தம்பி நியூஜெர்சியில் வேலை பார்க்கிறார், பொங்கலுக்கு ஊருக்கு வருகிறார். போன முறை அவர் வாங்கிவந்த ஹேர் டிரையரை, உள்ளூர்க் கடையில் வாங்கிய, பிளக் பின்னை மாற்றும் அடாப்டரில் மாட்டிப் போட்டிருக்கிறார்கள். விமானம் புறப்படுகிற மாதிரி ஒரு சத்தம், சில நொடிகளில் புகை, கரண்ட் அளவுக்கு மீறினால் தானே அணையும் எம்சிபி சுவிட்ச் விழுந்துவிட்டது. சாக்கெட்டின் ஓட்டைகள் கருகிப்போயின. "இதை மாட்டினால் எந்த நாட்டுப் பொருளும் ஓடும்" என்று சொல்லித்தான் அடாப்டரை விற்றாராம் கடைக்காரர். டிரையர் நிறுவனத்தின் இந்தியச் சேவை மையமும் கையை விரித்துவிட்டது.

இந்த முறை பட்டியல் நீளம். கல்லூரியில் சேர்ந்த மகளுக்கு லேப்டாப், கணவருக்கு போன், வீட்டுக்கு மின்சாரப் பல் துலக்கி, தங்கையின் கைக்குழந்தைக்கு பேபி மானிட்டர், பட்டியலின் அடியில் மகன் தன் கையால் எழுதிய டிரோன். "110 வோல்ட் நாட்டுச் சாமான் இங்கே ஓடவே ஓடாது" என்கிறார் கணவர். "எல்லாம் ஓடும், எல்லாத்துக்கும் இன்டர்நேஷனல் வாரண்டி உண்டு" என்கிறார் தம்பி. ஒரு கன்வெர்ட்டர் வாங்கி வைத்துவிட்டால் போதுமா, வாரண்டி இங்கே செல்லுமா, டிரையருக்காக வழக்குப் போடலாமா, கஸ்டம்ஸில் என்ன சொல்வது என்பவை அவருடைய கேள்விகள். கருகிய சாக்கெட்டை இன்னும் மாற்றவில்லை என்று போகிற போக்கில் ஒரு வரியும் இருக்கிறது.

பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்தக் கடைசி வரி. கருகிய சாக்கெட்டில் இனி எதையும் மாட்டாதீர்கள். உள்ளே இருக்கும் பித்தளைப் பிடி சூட்டில் தளர்ந்திருக்கும். தளர்ந்த பிடியில் சாதாரண அயர்ன் பாக்ஸ் போட்டாலும் மறுபடி சூடேறும். எலக்ட்ரீஷியனை அழைத்து சாக்கெட்டையும், அதற்குப் பின்னால் நிறம் மாறிய வயர் இருந்தால் அதையும் மாற்றச் சொல்லுங்கள். லேப்டாப் வரும்வரை காத்திருக்கிற வேலையல்ல இது.

உங்கள் கணவர் சொல்வதும் தம்பி சொல்வதும் பாதிப் பாதி சரி. பின் பொருந்துகிறதா, வோல்ட் பொருந்துகிறதா, வாரண்டி இங்கே செல்லுமா என்பவை மூன்று தனிக் கேள்விகள். முதல் கேள்விக்கு விடை கிடைத்ததும் மற்ற இரண்டும் தீர்ந்துவிட்டதாக நினைத்ததால் வந்தது போன முறை நடந்த விபத்து.

அமெரிக்காவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 60 அலை. இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பின் மாற்றும் அடாப்டர் தட்டைப் பின்னை உருண்டைப் பின்னாக மாற்றுமே தவிர ஒரு வோல்ட்டைக்கூடக் குறைக்காது. அமெரிக்க டிரையர்களின் கைப்பிடியில் பெரும்பாலும் 125 வோல்ட், 1875 வாட் என்று அச்சிட்டிருக்கும். அதாவது 15 ஆம்பியர் இழுக்கும் கம்பிச்சுருள். வோல்ட் இரட்டிப்பானால் வாட்டும் இரட்டிப்பாகும் என்று பலர் நினைக்கிறார்கள். சுருளின் தடை மாறாததால் அது ஏறக்குறைய நான்கு மடங்காகும். உங்கள் டிரையர் இங்கே 230 வோல்ட்டில் இழுக்க முயன்றது சுமார் 6,350 வாட், கிட்டத்தட்ட 28 ஆம்பியர். நம் வீட்டுச் சின்ன சாக்கெட் 6 ஆம்பியருக்கும் பெரிய சாக்கெட் 16 ஆம்பியருக்கும் செய்யப்பட்டவை. எம்சிபி விழுந்தது உங்கள் நல்ல காலம்.

லேபிளில் எதைப் படிப்பது

தம்பியிடம் ஒவ்வொரு பொருளின் சார்ஜரையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், வாங்குவதற்கு முன்பே. சார்ஜரின் அடிப்பக்கத்தில் பொடி எழுத்தில் 'இன்புட்' என்று ஒரு வரி இருக்கும். அதில் 100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று இருந்தால் அந்தச் சார்ஜர் உலகத்தில் எந்த வீட்டிலும் ஓடும். லேப்டாப், போன், கேமரா சார்ஜர்கள் ஏறக்குறைய எல்லாமே இந்த வகை. நம் ஊரில் மாலையில் வோல்ட் 190-க்கு இறங்கினாலும் இவை கவலைப்படாது.

120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று மட்டும் இருந்தால் நேராக இங்கே போடக்கூடாது. கண்ணை ஏமாற்றுவது மூன்றாவது வகை: 100-127 வோல்ட், 110-120 வோல்ட் என்று இருக்கும். 'இத்தனை முதல் இத்தனை வரை' என்று பார்த்ததும் எல்லா நாட்டுக்கும் சரி என்று தோன்றும். இரண்டாவது எண் 240 ஆக இருக்கிறதா என்பதை மட்டும் பாருங்கள். சில பழைய பொருள்களில் 110/220 என்று ஒரு சின்னத் தள்ளு சுவிட்ச் இருக்கும். அது தானாக மாறாது, மாட்டுவதற்கு முன்பு கையால் 220-க்குத் தள்ள வேண்டும்.

இப்போது கன்வெர்ட்டர். ஒன்று வாங்கி வைத்தால் எல்லாம் சரியாகும் என்பது சரியல்ல. கடையில் கன்வெர்ட்டர் என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு பொருள்கள் கிடைக்கின்றன. உள்ளங்கைக்குள் அடங்கும், 1600 வாட் என்று எழுதிய இலேசான பெட்டி, மின்சாரத்தின் அலையை வெட்டித் தரும் வகை. சூடாக்கும் சுருளுக்கு மட்டும் அது தாங்கும், எலக்ட்ரானிக்ஸ் உள்ள எதையும் அதில் மாட்டினால் கெட்டுப்போகும். இரும்பும் செம்பும் சுற்றிய, கையில் கனக்கும் பெட்டிதான் உண்மையான ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர். பொருளின் வாட்டைப் போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு திறனில் அதை வாங்க வேண்டும். உங்கள் டிரையருக்கு என்றால் 3000 விஏ (டிரான்ஸ்பார்மரின் திறனை வாட் போல இப்படி எழுதுவார்கள்). அதைத் தூக்கி வைக்கவே ஓர் ஆள் வேண்டும், விலையில் இங்கே நல்ல டிரையரே வாங்கிவிடலாம்.

அந்த டிரான்ஸ்பார்மரும் வோல்ட்டைத்தான் குறைக்கும், 60 ஹெர்ட்ஸ் கிடைக்காது. மின்சாரத்தின் அலையை எண்ணி ஓடும் மேசைக் கடிகாரம் இங்கே மணிக்கு 10 நிமிடம் பின்தங்கும். 60 ஹெர்ட்ஸுக்கு மட்டும் செய்த மோட்டார்கள் மெதுவாக ஓடிச் சூடாகும். வீட்டில் சதுர அலை இன்வெர்ட்டர் இருந்தால், கரண்ட் போன நேரத்தில் டிரான்ஸ்பார்மர் உறுமும், கூடுதலாகச் சூடேறும்.

உங்கள் பட்டியல்

லேப்டாப்பை வாங்கி வரச் சொல்லுங்கள். கன்வெர்ட்டர் வேண்டாம், பின் மாற்றும் அடாப்டரும் வேண்டாம். செங்கல் போன்ற சார்ஜர் பெட்டிக்குள் போகும் வயரைக் கழற்றிப் பாருங்கள். மூன்று இலைக் கொத்து போல மூன்று ஓட்டை இருந்தால், அதற்கான இந்திய வயர் கணினி உதிரிபாகக் கடைகளிலேயே கிடைக்கும். கேம் ஆடும் பெரிய லேப்டாப் என்றால் மேசைக் கணினிக்குப் போடும் அதே தடித்த வயராக இருக்கும். ஐஎஸ்ஐ முத்திரையுள்ள மூன்று பின் வயராக வாங்குங்கள். இரண்டு பின் அடாப்டரில் போட்டால் லேப்டாப் ஓடும், ஆனால் எர்த் கிடைக்காது. உலோக உடம்புள்ள லேப்டாப்பில் கை வைக்கும்போது சுருசுருவென்று இழுக்கிறது என்று பலர் பயப்படுகிறார்களே, பெரும்பாலும் காரணம் இதுதான்.

அமெரிக்க விசைப்பலகை நமக்குப் பழகிய அமைப்புதான். இதையே லண்டனிலிருந்தோ ஜப்பானிலிருந்தோ வாங்கினால் சில விசைகள் இடம் மாறியிருக்கும்.

போனில்தான் நிதானம் வேண்டும். 2022-இல் வந்த ஐபோன் 14 முதல் அமெரிக்க மாடல்களில் சிம் போடும் இடமே கிடையாது, போனுக்குள்ளேயே பதிந்திருக்கும் இ-சிம் மட்டும்தான். இங்கே ஜியோ, ஏர்டெல், வி மூன்றிலும் இ-சிம் உண்டு என்பதால் அது தடையல்ல. ஆனால் போன் பழுதானால் சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டுச் சமாளிக்கும் பழக்கம் உங்கள் கணவருக்கு இருந்தால், அந்த வசதி போய்விடும்.

அடுத்தது பூட்டு. அங்கே தொலைபேசி நிறுவனத்திடம் தவணையில் வாங்கும் போன்கள் அந்த நிறுவனத்தோடு பூட்டப்பட்டிருக்கும். விலை மலிவாகத் தெரிவதற்கு அதுவே பல நேரம் காரணம். ஐபோனில் செட்டிங்ஸ், ஜெனரல், அபவுட் பகுதிக்குள் 'கேரியர் லாக்' என்ற வரிக்கு எதிரே 'நோ சிம் ரெஸ்ட்ரிக்ஷன்ஸ்' என்று இருந்தால் பூட்டில்லை. 'அன்லாக் பண்ணித் தருவோம்' என்ற இங்கத்திய கடைகளின் பேச்சை நம்பிப் பூட்டிய போனை வாங்க வேண்டாம்.

ஆண்ட்ராய்டு என்றால் அலைவரிசையும் பார்க்க வேண்டும். ஜியோவின் 4ஜி பேண்ட் 3, 5, 40 ஆகியவற்றில் ஓடுகிறது. அமெரிக்கத் தொலைபேசி நிறுவனங்கள் விற்கும் மலிவு போன்கள் பலவற்றில் பேண்ட் 40-ம், இங்கே 5ஜிக்கு முக்கியமான என்78-ம் இருக்காது. ஜியோவில் 2ஜி, 3ஜி கிடையாது என்பதால், அந்தப் போனில் வோல்டிஇ, அதாவது 4ஜி வழியாகவே பேசும் வசதி, ஒத்துவராவிட்டால் இணையம் வரும், அழைப்பு வராது. தம்பியிடம் போனின் பெயரைக் கேட்காதீர்கள், மாடல் எண்ணைக் கேளுங்கள். ஒரே பெயரில் நாட்டுக்கொரு மாடல் எண் உண்டு.

பல் துலக்கியின் சார்ஜ் ஏறும் பீடம் சில மாடல்களில் 120 வோல்ட் மட்டும், சிலவற்றில் 240 வரை. லேபிளைப் பாருங்கள், அல்லது யுஎஸ்பியில் சார்ஜ் ஏறும் மாடலை வாங்குங்கள். பவர் பேங்க் இருந்தால் கைப்பையில்தான் வர வேண்டும், பெட்டியில் போடக்கூடாது. 100 வாட்-மணி வரை அனுமதி கேட்க வேண்டியதில்லை. 20,000 எம்ஏஎச் என்றால் 74 வாட்-மணிதான்.

பேபி மானிட்டர் விஷயத்தில் கரண்ட் பிரச்சினையைவிட ரேடியோ பிரச்சினை பெரியது. அமெரிக்காவில் டெக்ட் 6.0 என்று எழுதிய மானிட்டர்களும் கார்ட்லெஸ் போன்களும் 1920 முதல் 1930 மெகாஹெர்ட்ஸில் பேசுகின்றன. அங்கே அது உரிமம் வேண்டாத அலை. இங்கே அது மொபைல் நிறுவனங்களுக்கு ஒதுக்கப்பட்ட 2100 மெகாஹெர்ட்ஸ் வரிசைக்குள் வருகிறது. பக்கத்து டவருக்கு இடைஞ்சல், சட்டப்படியும் தவறு. 2.4 கிகாஹெர்ட்ஸ் அல்லது வைஃபை வகையாக இருந்தால் சிக்கலில்லை.

வாரண்டி: அட்டையில் எழுதியிருப்பது எது?

தம்பி சொல்லும் 'இன்டர்நேஷனல் வாரண்டி' எல்லாப் பொருளுக்கும் பிறப்புரிமை அல்ல. வாரண்டி என்பது தயாரிப்பாளர் எழுத்தில் கொடுக்கும் வாக்குறுதி. எந்த நாட்டில், எந்தப் பழுதுக்கு, எத்தனை நாளைக்கு என்று எழுதியிருக்கிறதோ அவ்வளவுதான். லெனோவாவில் 'இன்டர்நேஷனல் வாரண்டி சர்வீஸ்' குறிப்பிட்ட மாடல்களுக்கு உண்டு, அந்த மாடல் விற்கப்படும் நாடுகளில் மட்டும். டெல்லில் அங்கே பதிவான சர்வீஸ் டேக்கை (ஒவ்வொரு கணினிக்கும் உள்ள அடையாள எண்) இந்தியாவுக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். பழுதான பிறகு ஓடாமல், வாங்கியதுமே தம்பி அதைச் செய்துவிடலாம். ஆப்பிளின் வாரண்டி வாசகம், ஐபோன், ஐபேட் சேவையை முதலில் விற்ற நாட்டோடு நிறுத்திக்கொள்ளும் உரிமையை நிறுவனத்துக்கு விட்டுவைத்திருக்கிறது. பெரிய கடைகள் தங்கள் பெயரில் விற்கும் கூடுதல் பாதுகாப்புத் திட்டம் அந்தக் கடை இருக்கும் நாட்டோடு சரி, அதற்குப் பணம் கட்டுவது வீண்.

அதனால் வாங்குவதற்கு முன் மாடல் எண்ணைக் கொடுத்து, அந்த நிறுவனத்தின் இந்திய வாடிக்கையாளர் சேவைக்கு மின்னஞ்சலில் கேளுங்கள்: இந்த மாடலை நியூஜெர்சியில் வாங்கினால் திருநெல்வேலியில் வாரண்டி சேவை கிடைக்குமா? போனில் கேட்டால் ஆம் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். நாளைக்கு உங்களுக்குக் கைகொடுப்பது எழுத்தில் வந்த பதில்.

வாங்கும் நாளும் முக்கியம். புறப்படும் முந்தின நாள் வாங்கிப் பெட்டியைப் பிரிக்காமல் கொண்டுவருவது நம்மவர்களின் பழக்கம். புதுப்பொருளில் பிறவிப் பழுது இருந்தால் அது பெரும்பாலும் முதல் சில நாட்களில் தலைகாட்டும், அப்போது பொருள் கடைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். ஒரு மாதத்துக்கு முன்பே வாங்கி, கடையின் திருப்பித்தரும் கெடு முடிவதற்குள் பத்து நாளாவது தினமும் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். எல்லா யுஎஸ்பி துளைகள், வைஃபை, கேமரா, ஸ்பீக்கர், எல்லா விசைகள், பேட்டரி முழுதும் இறங்கி ஏறுவது, வெள்ளைத் திரையிலும் கறுப்புத் திரையிலும் புள்ளி தெரிகிறதா என்பது வரை.

விலைக் கணக்கும் ஒன்று. அங்கே கடையில் எழுதியிருக்கும் விலையில் வரி சேராது. நியூஜெர்சியில் 6.625 விழுக்காடு விற்பனை வரி சேர்ந்து, 1,000 டாலர் லேப்டாப்புக்கு பில் 1,066 டாலர் 25 சென்ட் வரும். அதை ரூபாயாக்கி இங்கத்திய விலையோடு ஒப்பிடுங்கள். மிச்சமாகும் தொகை, வாரண்டி இல்லாமல் ஒரு மதர்போர்டு மாற்ற ஆகும் செலவுக்காவது ஈடாக வேண்டும். அந்த மாடலுக்கு அது எவ்வளவு என்று உள்ளூர் சேவை மையத்தில் கேட்டால் சொல்வார்கள். ஈடாகாவிட்டால் இங்கேயே வாங்குங்கள்.

ஆனால் இங்கே 'யுஎஸ் பீஸ்' என்று கடைகளில் விற்பதை அல்ல. முறையாக இறக்குமதியான பெட்டியில் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, எம்ஆர்பி ஒட்டியிருக்க வேண்டும். லேப்டாப், சார்ஜர், பவர் பேங்க், போன் போன்றவற்றில் ஆர் என்று தொடங்கும் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு எண் இருக்க வேண்டும். போன் என்றால் *#06# அழுத்திக் கிடைக்கும் ஐஎம்இஐ என்ற அடையாள எண்ணை, ஆங்கிலத்தில் கேஒய்எம் என்று எழுதி இடைவெளி விட்டுச் சேர்த்து, 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பிச் சரிபார்க்கலாம். தம்பி கொண்டுவருவதில் இந்திய ஸ்டிக்கர் இராது. அது சொந்த உபயோகப் பொருள், அதில் தவறில்லை.

டிரையருக்கு வழக்குப் போடலாமா?

வாங்கியது தம்பி, பயன்படுத்தியது நீங்கள், அதனால் உங்களுக்கு உரிமையில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அது தவறு. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வாங்கியவரின் சம்மதத்தோடு பொருளைப் பயன்படுத்துபவரும் நுகர்வோர்தான். நீங்கள் வசிக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனுப் போடவும் 34-ஆம் பிரிவு இடம் தருகிறது. உரிமை இருந்தாலும், டிரையர் நிறுவனத்தின் மேல் உங்களுக்கு வழக்கில்லை. 125 வோல்ட் என்று பொருளிலேயே அச்சிட்டிருக்கிறது, 230-இல் மாட்டியதால் எரிந்தது. இதைத் தயாரிப்புக் குறை என்று எந்த ஆணையமும் ஏற்காது. சேவை மையம் கையை விரித்ததில் குற்றம் காண முடியாது.

அடாப்டர் விற்றவரின் நிலை வேறு. எந்த நாட்டுப் பொருளும் ஓடும் என்று சொல்லி விற்றது, பொருளின் பயனைப் பற்றிப் பொய்யாகச் சொன்னது, நியாயமற்ற வணிக முறைக்குள் வரும். ஆனால் அவர் சொன்னது வாய்ச்சொல், உங்களிடம் பில்லும் இல்லை. அடாப்டரின் உறையில் அப்படி அச்சிட்டிருந்தால் அதைப் பத்திரப்படுத்துங்கள், அதுவே சாட்சி. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியுங்கள், செலவில்லை. ஆணையத்துக்குப் போவதென்றால் சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். இந்தத் தொகைக்கு அத்தனை அலைச்சல் தேவையா என்று கேட்டால், 1915-ஓடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்றே சொல்வேன். லேப்டாப்புக்கு எழுத்தில் வாரண்டி உறுதி தந்துவிட்டு இங்கே மறுத்தார்கள் என்றால், அது போடத் தகுந்த வழக்கு. அமெரிக்கக் கடையின் மேல் இங்கே உத்தரவு வாங்கினாலும், இந்தியாவில் அதற்குக் கிளையோ சொத்தோ இல்லையென்றால் நிறைவேற்றுவது கடினம்.

கஸ்டம்ஸில்

18 வயது நிரம்பிய பயணி ஒருவர் ஒரு லேப்டாப்பை வரியில்லாமல் கொண்டுவரலாம், மற்றப் பொருள்களை வரியில்லாமல் கொண்டுவருவதற்கான பொது மதிப்பு வரம்பில் அது சேராது. போனுக்கு அப்படித் தனிச் சலுகை இல்லை. தம்பி பயன்படுத்தும் போன் அவருடைய உடைமை, கணவருக்கான புதுப் போன் பொது வரம்புக்குள் கணக்கு. 2016-ஆம் ஆண்டு விதிகள் அந்த வரம்பை 50,000 ரூபாய் என்றும், மிஞ்சிய மதிப்புக்கு வரி 38.5 விழுக்காடு என்றும் வைத்திருந்தன. இவை திருத்தப்படுபவை, பயணத்துக்கு முன் சுங்கத் துறையின் இணையதளத்தில் அன்றைய தொகையைப் பார்த்துக்கொள்ளுங்கள். தம்பியோடு அவர் மனைவியும் வந்தால் இருவர் வரம்பையும் கூட்டி ஒரு பொருளுக்குக் காட்ட முடியாது.

பெட்டியைத் தூக்கி எறிந்துவிட்டுப் பழசு என்று சொல்லிவிடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். வேண்டாம். பொய்யாக அறிவித்தால் பொருள் பறிமுதலாகலாம், அபராதமும் வரும். பெட்டியும் பில்லும் இல்லாவிட்டால் வாரண்டி கேட்கும்போதும் நீங்கள்தான் திண்டாட வேண்டும். வரம்பு மீறினால், வரிக்குரிய பொருள் இருப்பவர்களுக்கான சிவப்பு வழியில் போய், பில்லைக் காட்டி, மிஞ்சியதற்கு மட்டும் வரி கட்டிவிட்டு வரச் சொல்லுங்கள்.

மகனிடம் டிரோன் கிடையாது என்று இப்போதே சொல்லிவிடுங்கள். முழு டிரோன்களை இறக்குமதி செய்வதை 2022 பிப்ரவரியில் மத்திய அரசு தடை செய்துவிட்டது. ஆராய்ச்சி, ராணுவம், பாதுகாப்பு ஆகியவற்றுக்கு மட்டும் விலக்கு. விமான நிலையத்தில் பிடித்துவைத்தால் வரி கட்டுகிறேன் என்றாலும் தர மாட்டார்கள். பறக்க ஆசையாக இருந்தால் இந்தியாவில் தயாரான சின்ன மாடலை இங்கேயே வாங்கிக் கொடுங்கள். வணிகத்துக்கு இல்லாமல் ஓட்டினாலும் 2 கிலோவுக்கு மேல் போனால் ஓட்டுவதற்கு உரிமம் வேண்டும் என்பதையும் அவனிடம் சொல்லிவையுங்கள்.